புதன்கிழமையும் நினைவில் நிற்கும் பிரசங்கம்

கொட்டாஞ்சேனைப் பக்கத்துச் சபை ஒன்றில் அண்மையில் பிரசங்கிக்கத் தொடங்கியிருக்கும் இளைஞர் ஒருவர் எனக்கு எழுதிய கேள்வி இது: "ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது 'நல்ல பிரசங்கம், தம்பி' என்று கைகொடுத்துவிட்டுப் போகிறார்கள். புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் விசாரித்தால், நான் சொன்ன ஒரு கதையைத் தவிர வேறொன்றும் யாருக்கும் நினைவில் இல்லை. கேட்டவர்களுடைய வாழ்க்கையில் நிலைத்து நிற்கும்படி பிரசங்கம் ஆயத்தம் செய்வது எப்படி?"

தம்பி, முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரசங்கம் மறந்துபோவதற்குப் பேச்சுத்திறமைக் குறைவு காரணமாக இருப்பது அரிது. நம்மவர்களில் மேடையில் தடுமாறுகிறவர்கள் குறைவு. வேதப்பகுதியைப் பொறுமையாக வாசிக்காமல், எதிரே உட்காரப் போகிறவர்களை நினைக்காமல் எழுத உட்காருவதுதான் காரணம். ஒரு பகுதி, இந்தச் சபையாரிடம், இந்த வாரம் என்ன கேட்கிறது என்பது பிரசங்கிக்கே தெளிவாகும் வரை பேனாவைத் தொடக்கூடாது. அது தெளிவாகிவிட்டால் மற்றதெல்லாம் சுலபம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது தெளிவாகாமல் மற்றதில் எவ்வளவு உழைத்தாலும் வீண்.

பேச்சுத்திறமையைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கைத் தமிழர் கேட்டுப் பழகிய காது உடையவர்கள். ஆறுமுக நாவலர் 1847-இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் தொடங்கியபோது, மிஷனரிமாருடைய பிரசங்க முறையை அருகிலிருந்து பார்த்துவிட்டுத்தான் தொடங்கினார். பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் அல்லவா அவர். அன்று முதல் கோயிலிலும் ஆலயத்திலும் நல்ல பேச்சைக் கேட்டு வளர்ந்த மக்கள் நம் முன்னால் உட்காருகிறார்கள். ஆகையால் அடுக்குமொழியையும் குரல் ஏற்ற இறக்கத்தையும் அவர்கள் உடனே ரசிப்பார்கள். அந்த ரசனை வாசலோடு முடிந்துவிடும். வீட்டுக்குப் போகும் வழியில் "தம்பி நன்றாகப் பேசுகிறார்" என்று பேசிக்கொள்வார்கள். பேசப்பட்டது என்ன என்று பேசிக்கொள்ளமாட்டார்கள்.

ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு நடந்து காட்டினால்தான் நான் சொல்வது விளங்கும். எரேமியா 29-ஆம் அதிகாரத்தை எடுங்கள். 11-ஆம் வசனம் நம் எல்லா வீடுகளிலும் இருக்கிறது. வருடப்பிறப்பு ஆராதனையில் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் எத்தனை தரம் வந்திருக்கும்! "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இதை மட்டும் வைத்து ஒரு பிரசங்கம் செய்யலாம். விசா கிடைக்கும், வேலை கிடைக்கும், திருமணம் கூடிவரும் என்று சொல்லலாம். எல்லாரும் ஆமென் சொல்வார்கள். விசா கிடைக்காதவர் அடுத்த வருடம் அந்த அட்டையைப் பார்க்கும்போது என்ன நினைப்பார்?

திங்கட்கிழமை அந்த அதிகாரத்தை முதலிலிருந்து கடைசி வரை வாய்விட்டு வாசியுங்கள். முடிந்தால் முந்திய அதிகாரத்தையும் சேர்த்து. விளக்கவுரை நூல்களைத் திறக்க வேண்டாம், இன்னொருவருடைய பிரசங்கத்தை யூடியூபில் பார்க்கவும் வேண்டாம். பழைய வேதாகமத்தோடு, கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் சேர்ந்து 1995-இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கும்போது உங்களை இடறச் செய்யும் இடங்களை மட்டும் பென்சிலால் குறியுங்கள். உங்களுக்கு இடறலாக இருப்பது சபையாருக்கும் இடறலாகத்தான் இருக்கும். அதைச் சுற்றிக்கொண்டு போகும் பிரசங்கம் யாருடைய மனதிலும் ஒட்டாது.

அப்படி வாசித்தால் என்ன தெரிகிறது? இது ஒரு கடிதம். கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டுபோன மக்களுக்கு, எருசலேமிலேயே தங்கிவிட்ட தீர்க்கதரிசி எரேமியா எழுதியது. 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி எல்லாருக்கும் முன்பாக நின்று, இரண்டு வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும், போனவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள் என்கிறான். பாபிலோனுக்குப் பணியவேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கவும் செய்கிறான். எரேமியாவின் கடிதமோ 70 வருடம் என்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் ஊர் திரும்பமாட்டார்கள் என்று அர்த்தம். 11-ஆம் வசனத்தின் ஆறுதல் அந்த 70 வருடத்துக்குப் பிறகு வருகிறது, அதற்குப் பதிலாக அல்ல. அதற்கும் முன்னால் நிற்பது 7-ஆம் வசனம்: "நான் உங்களைச் சிறைப்பட்டுப்போகப்பண்ணின பட்டணத்தின் சமாதானத்தைத்தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள், அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்."

அட்டையில் வராத வசனம் இது. கொழும்பில் உட்கார்ந்து வாசிக்கும் தமிழர் ஒருவருக்கு இந்த வசனத்தில் மூச்சு ஒரு கணம் நிற்க வேண்டும். உங்களுக்கு நின்றால், உங்கள் பிரசங்கம் அந்த இடத்திலிருந்துதான் பிறக்கப்போகிறது.

இப்போது விளக்கவுரைகளைத் திறக்கலாம். கடிதத்தைக் கொண்டுபோனவர்கள் சிதேக்கியா ராஜா பாபிலோனுக்கு அனுப்பிய தூதுவர்கள் என்பதையும், கடிதத்தைக் கேட்டுச் செமாயா என்பவன் கோபப்பட்டு, இந்த மனிதனை ஏன் அடக்கவில்லை என்று எருசலேமுக்குத் திருப்பி எழுதினான் என்பதையும் கவனியுங்கள். அந்தக் கோபம் முக்கியம். முதன்முதலில் கேட்டவர்களுக்கே கசந்த செய்தியை நாம் சர்க்கரை தடவிக் கொடுத்தால், பகுதிக்கு நாம் உண்மையாக இல்லை.

அடுத்ததாக மக்கள். புதன் அல்லது வியாழன், பகுதியை நன்றாக வாசித்த பின், ஒரு தாளில் உங்கள் ஆலயத்தின் வாங்குகளை வரைந்து, வழக்கமாக யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பெயர்களை எழுதுங்கள். பெயர் பெயராக அவர்களுக்காக ஜெபியுங்கள். ஜெபித்துக்கொண்டே, இந்தப் பகுதியை இவர் எப்படிக் கேட்பார் என்று யோசியுங்கள். 1983 ஜூலைக் கலவரத்தில் கடையையோ வீட்டையோ இழந்து, கப்பலில் வடக்கே போய், பிறகு திரும்பி வந்த முதியவர் ஒருவர் தூணோரம் உட்காருகிறார். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தை லொட்ஜ் அறையில் வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்திருந்து, பயணம் சரிவராமல் இங்கேயே தங்கிவிட்ட குடும்பம் ஒன்று இருக்கிறது. மலையகத்திலிருந்து பதினாறு வயதில் வீட்டு வேலைக்கு வந்தவர், ஞாயிறு இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டு ஆராதனைக்கு வருகிறார். புறக்கோட்டைக் கடையில் நிற்கும் இளைஞர்கள் பின்வரிசையில். பிள்ளைகள் எல்லாரும் ரொறன்ரோவில் இருக்க, மாடிவீட்டில் தனியாக இருக்கும் அம்மா. இங்கேயே பிறந்து, ஆங்கில மொழிமூலம் படித்து, பாபிலோன் என்றால் என்ன, நாடுகடத்தல் என்றால் என்ன என்று தெரியாத பிள்ளைகள்.

இவர்களில் யாரும் "சபையார்" என்ற ஒரே முகம் இல்லை. "பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள்" என்ற வார்த்தை தூணோரத்து முதியவரின் பழைய புண்ணைத் தொடும். வேலைக்கு வந்த பெண்ணுக்கோ, தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத வீட்டுக்காகவும் ஜெபிப்பதா என்ற கேள்வியாக வரும். முடிந்தால் அந்த வாரமே இரண்டொருவரைப் போய்ப் பாருங்கள். பிரசங்கத்துக்குத் தகவல் திரட்டவென்று போகாதீர்கள். சும்மா போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு, அவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வாருங்கள். வீடுகளுக்குப் போகாத பிரசங்கி எழுதும் பிரசங்கம் எந்த ஊருக்கும் பொருந்தும். எந்த ஊரிலும் நிற்காது.

இந்த இடத்தில் உங்களை ஒரு விஷயத்தில் கண்டிப்பாக எச்சரிக்க வேண்டும். யூதாவின் சிறையிருப்பைத் தீர்க்கதரிசி கடவுளின் நியாயத்தீர்ப்பு என்கிறார். நம் மக்களின் இடப்பெயர்வுக்கு அந்த விளக்கத்தை ஒட்டவைக்க உங்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை. எரேமியா தன் தலைமுறைக்குச் சொன்னதை, கலவரத்தில் வீடிழந்தவரிடம் நீங்கள் சொன்னால் அது அக்கிரமம். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திலும் மற்ற இடங்களிலும் குண்டு வெடித்த பிறகு, "ஏன்" என்பதற்குச் சுருக்கமான விடை வைத்திருந்தவர்களின் பேச்சு யாரையும் தேற்றவில்லை. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய்திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்த வரையில் நல்ல சிநேகிதர்களாக இருந்தார்கள். ஆகையால் எரேமியா 29-ஐப் பிரசங்கிக்கும் நாளில் 137-ஆம் சங்கீதத்தையும் வேதபாடமாக வாசிக்கச் செய்யுங்கள். "பாபிலோன் ஆறுகள் அருகே நாங்கள் உட்கார்ந்து, அங்கே சீயோனை நினைத்து அழுதோம்." அழுதவர்களுக்குத்தான் அந்தக் கடிதம் போயிற்று. அழுகைக்கு இடம்விட்ட பிறகு சொல்லப்படும் கட்டளையைத்தான் முதியவரால் கேட்க முடியும்.

வெள்ளிக்கிழமைக்குள் முழுப் பிரசங்கத்தையும் ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். "இன்றைய தலைப்பு சமாதானம்" என்பது தலைப்பு மட்டுமே. அதில் செய்தி இல்லை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "நாம் விரும்பி வராத பட்டணத்திலும் கர்த்தர் நமக்கு முன்பே இருக்கிறார், அதனால் இங்கே வேர்விடவும் இதற்காக ஜெபிக்கவும் நம்மால் முடியும்." கடவுள் செய்வது முதலில் வருகிறது, நாம் செய்வது அதிலிருந்து வருகிறது. இந்த வரிசை மாறினால் பிரசங்கம் வெறும் புத்திமதியாகிவிடும். நம் பிரசங்க பீடங்களில் இதுதான் பெரிய குறை என்று நினைக்கிறேன். ஜெபிக்க வேண்டும், வாசிக்க வேண்டும், மன்னிக்க வேண்டும், கொடுக்க வேண்டும் என்று அரை மணி நேரம் சொல்லி அனுப்புகிறோம். அதையெல்லாம் செய்ய முடியாமல்தான் அவர்கள் ஆலயத்துக்கு வந்திருக்கிறார்கள். லூக்கா 15-இல் மகன் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பேச்சு முடிவதற்கு முன்பே தகப்பன் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். அந்தத் தகப்பன் ஓடுவதைக் கண்டவனுக்கு மனந்திரும்புதலைப் பற்றி நீண்ட விரிவுரை தேவைப்படாது.

எழுதிய வாக்கியத்தை வீட்டில் ஒரு பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். பிள்ளை திருப்பிச் சொல்ல முடிந்தால் சரி. முடியாவிட்டால் அதில் இரண்டு பிரசங்கம் இருக்கிறது, ஒன்றை அடுத்த மாதத்துக்கு வையுங்கள்.

அந்த ஒரே வாக்கியத்திலிருந்து, சபையார் அந்த வாரத்தில் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தையும் முடிவுசெய்யுங்கள். இதற்கு ஆதித் திருச்சபையின் பிரசங்கி யோவான் கிறிசோஸ்தோம் நல்ல ஆசிரியர். கி.பி. 387-இல் அந்தியோகியாவில் வரிக்கு எதிராகக் கலவரம் வெடித்து, பேரரசன் தெயோதோசியுவின் சிலைகளை மக்கள் உடைத்துவிட்டார்கள். பட்டணம் முழுவதும் தண்டனைக்குப் பயந்து நடுங்கிக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்க ஆயர் பிளேவியன் கொன்ஸ்தாந்தினோப்பிளுக்குப் புறப்பட்டுப் போனார். தபசு காலம் முழுவதும் கிறிசோஸ்தோம் ஆலயத்தில் பிரசங்கித்தார். பயந்தவர்களைத் தேற்றினார், வேதத்தை விளக்கினார். அதோடு ஒரே ஒரு பழக்கத்தை விட்டுவிடும்படி பிரசங்கத்துக்குப் பிரசங்கம் கேட்டுக்கொண்டே இருந்தார்: ஆணையிடாதீர்கள், சத்தியம் செய்யாதீர்கள். கேட்டவர்களுக்குச் சலித்திருக்கும். ஆனாலும் அவர் விடவில்லை. பொன்வாயர் என்று பெயர் வாங்கிய மனிதர், புதுப்புது விஷயம் சொல்லி அசத்தக்கூடிய நாட்களில், ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். நம் பகுதிக்கு நான் தெரிந்தெடுக்கும் காரியம் இது: உங்கள் ஒழுங்கையில் அல்லது மாடிக் கட்டடத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தை, அவர்கள் சிங்களவராகவோ முஸ்லிம்களாகவோ இருந்தாலும், பெயர் சொல்லி இந்த வாரம் தினமும் ஜெபத்தில் நினையுங்கள். பெயர் தெரியாவிட்டால் முதலில் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எழுதும்போது கல்வி தெரியும்படி எழுதாதீர்கள். "எரேமியா 29-ஆம் அதிகாரம் கி.மு. 597-இல் நிகழ்ந்த முதலாம் நாடுகடத்தலின் பின்னணியில் எழுதப்பட்டது" என்று தொடங்கினால் பின்வரிசை இளைஞர் கைத்தொலைபேசியை எடுத்துவிடுவார். இப்படித் தொடங்கிப் பாருங்கள்: "ஊரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. எல்லாரும் ஓடிவருகிறார்கள். எப்போது திரும்பிப் போகலாம் என்று எழுதியிருக்கும் என்ற ஆவல். வந்த நாள் முதல் பலர் பெட்டியைக்கூட அவிழ்க்கவில்லை. மூப்பர் ஒருவர் கடிதத்தைத் திறந்து உரக்க வாசிக்கிறார். 'வீடுகளைக் கட்டுங்கள்.'" அங்கே ஒரு நொடி நிறுத்துங்கள். ஆண்டும் அரசன் பெயரும் பிறகு வரலாம். சபையார் ஏற்கெனவே அந்தக் கூட்டத்துக்குள் நிற்கிறார்கள். மனிதர் குறிப்புகளை மறப்பார்கள், நின்று பார்த்த காட்சியை மறக்கமாட்டார்கள். ஒரே எழுத்தில் தொடங்கும் மூன்று தலைப்புகள் பிரசங்கிக்குத்தான் ஞாபகத்துக்கு உதவும்.

உங்கள் சபையாருக்குக் கதை மட்டும் நினைவிருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அது கதையின் குற்றமல்ல. கதை பகுதிக்கு வெளியிலிருந்து வந்தது, அதுதான் சிக்கல். பனி கொட்டும் ஊரில் நடந்த, யாரோ ஒரு ரயில் ஊழியரின் தியாகக் கதையை எடுத்தால் அந்தக் கதையே நிற்கும், வசனம் போய்விடும். வேதப்பகுதியே கதையாக இருக்கும்போது வேறு கதை எதற்கு? உதாரணம் தேவைப்பட்டால் எல்லாரும் சேர்ந்து அனுபவித்ததிலிருந்து எடுங்கள். 2022-இல் எரிவாயு சிலிண்டருக்கு விடிய விடிய வரிசையில் நின்றபோது முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் இடத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், இனம் பார்க்கவில்லை. பட்டணத்தின் சமாதானமும் நம் சமாதானமும் ஒன்று என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஆனால் சபையில் ஒருவர் உங்களிடம் மனம்விட்டுச் சொன்னதை, பெயரை மாற்றியும் சொல்லாதீர்கள். கொழும்புத் தமிழ்ச் சபைகள் சிறியவை. "வெள்ளவத்தையில் ஒரு சகோதரி" என்றாலே அரைவாசிப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். பிறகு உங்களிடம் யாரும் எதையும் சொல்லமாட்டார்கள்.

நீளத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2024-இல் பாப்பரசர் பிரான்சிஸ் திருப்பலி மறையுரை 8 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்றார். நம் சபைகளில் 25 நிமிடம் கேட்பார்கள். சொல்ல வந்த வாக்கியம் நிறைவாகச் சொல்லப்பட்டதும் முடியுங்கள். "இறுதியாக" என்று சொன்ன பிறகு பத்து நிமிடம் பேசாதீர்கள். சனிக்கிழமை மாலை முழுவதையும் எழுந்து நின்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூச்சு வாங்கும் வாக்கியங்களை வெட்டுங்கள். உங்களுக்குப் பிடித்திருந்தும் அந்த ஒரே வாக்கியத்துக்கு உதவாத பத்திகளையும் வெட்டுங்கள், மனம் வலித்தாலும். தாளை வைத்துக்கொண்டு பேசுவதா, இல்லாமலா என்பது அவரவர் சௌகரியம். கடைசி இரண்டு நிமிடமாவது தாளைப் பார்க்காமல் முகங்களைப் பார்த்துப் பேசுங்கள்.

ஜெபத்தைப் பற்றித் தனியாக எழுதாததற்குக் காரணம், அது இந்த வாரம் முழுவதிலும் கலந்திருக்க வேண்டியது என்பதே. அகுஸ்தீன் ஆயராகுமுன் மிலான் பட்டணத்தில் சொற்கலை கற்பித்தவர். பேச்சின் நுணுக்கமெல்லாம் அறிந்தவர். அவரே பிரசங்கிகளுக்குச் சொன்ன அறிவுரை, பேசுகிறவனாவதற்கு முன் ஜெபிக்கிறவனாக இரு என்பது. திங்கட்கிழமை பகுதியை வாசித்தது முதல், அது முதலில் உங்களிடம் என்ன கேட்கிறது என்று கடவுளிடம் கேட்டுக்கொண்டிருங்கள். உங்கள் மாடியில் இருக்கும் சிங்களக் குடும்பத்தின் பெயர் உங்களுக்குத் தெரியாவிட்டால், ஞாயிற்றுக்கிழமைக்கு முன் போய்க் கேளுங்கள். அதன்பிறகு நீங்கள் சொல்வதைச் சபையார் வேறுவிதமாகக் கேட்பார்கள்.

கடைசியாக, உங்கள் புதன்கிழமைக் கூட்டம். "ஞாயிறு என்ன கேட்டீர்கள்?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள், அது பரீட்சை. எரேமியா 29-ஐ மறுபடி ஒருவர் வாசிக்கட்டும். பிறகு, "யாருக்காக ஜெபித்தீர்கள், என்ன நடந்தது?" என்று கேளுங்கள். ஒருவர் பக்கத்து வீட்டுப் பெரியவரின் பெயரைச் சொல்வார். இன்னொருவர், என்னால் இன்னும் முடியவில்லை, எண்பத்துமூன்றை என்னால் மறக்க முடியவில்லை என்பார். அவரை அவசரப்படுத்தாதீர்கள், மற்றவர்கள் பதில் சொல்லவும் விடாதீர்கள். சங்கீதம் 137-ஐ அவரோடு சேர்ந்து வாசியுங்கள். அன்றிரவு வீட்டுக்குப் போய், அவர் சொன்னதை உங்கள் வாங்குத் தாளில் அவர் பெயருக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறுக்குரிய பகுதியை வாசிக்கும்போது அந்தத் தாள் மேசையில் இருக்கட்டும்.